சங்கம் பரிந்துரைத்த முனைவர்

முனைவர் பட்டம் வாங்கியவனிடம் அக்கம்பக்கத்தார் தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்த கதையை எல்லா முனைவர்களும் எழுதியாயிற்று. எங்கள் நெய்வேலியில் அப்படி யாரும் வரவில்லை. கம்பெனி ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். என்னிடம் எதற்கு வரவேண்டும்? என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "படிப்பு முடிஞ்சிருச்சுல்ல, இனிமே என்ன?"

இந்த "இனிமே என்ன"வுக்குப் புவி அறிவியல் உலகம் ஒரு பதில் தயாராக வைத்திருந்தது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு நல்கை. படித்து முடித்தவனை, முடித்த குற்றத்துக்காக, இன்னும் இரண்டு வருடம் இன்னொருவருடைய ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். தருவதைச் சம்பளம் என்று சொல்லமாட்டார்கள், உதவித்தொகை என்பார்கள். செய்வதை வேலை என்று சொல்லமாட்டார்கள், வாய்ப்பு என்பார்கள். இதை அப்பாவுக்கு விளக்கிய மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் முதல் ஷிப்ட் முடிந்து வந்து, முழங்கால் வரை ஒட்டியிருந்த சுரங்கச் சேற்றைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தார்.

"பெர்மனென்ட்டா?"

"இல்லப்பா. ரெண்டு வருஷம்."

"பொறவு?"

"பொறவு இன்னொண்ணு தேடணும்."

"அப்போ கான்ட்ராக்ட்."

"அப்படிச் சொல்ல முடியாதுப்பா. இது ஒரு கௌரவம்."

"ரெண்டு வருஷத்துல வெளிய போன்னு சொன்னா அதுக்குப் பேரு கான்ட்ராக்ட்தாம்ல. எங்க செக்‌ஷன்ல குழி வெட்டுதவனுக்கும் அதான். அவன் கௌரவம்னு சொல்லிக்கிடல, அவ்வளவுதான் வித்தியாசம்."

வேறு ஊரில் இது ஒரு தகப்பனின் அங்கலாய்ப்பு. எங்கள் ஊரில் அது இலக்கணம். நெய்வேலியில் மனிதர்கள் இரண்டு வகை. பெர்மனென்ட் ஆனவனுக்குக் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, கேன்டீன், பஸ். கான்ட்ராக்ட் ஆளுக்குப் பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் சைக்கிளில் வந்து போகும் உரிமை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே பட்டத்தைப் போடாமல் விட்டால்கூட மன்னிப்பார்கள். பெர்மனென்ட் என்பதைப் போடாமல் விட்டால் பெண்வீட்டார் பந்தியிலேயே விசாரிப்பார்கள். நான் படித்து, படித்து, இன்னும் படித்துக் கடைசியில் சைக்கிள் வகையில் வந்து நின்றேன். அந்தச் சைக்கிளை மேற்கு ஜெர்மனியில் ஓட்டப் போகிறேன் என்பது மட்டுமே ஆறுதல்.

நான் படித்தது தண்ணீரை. நிலக்கரி ஊரில் உட்கார்ந்து தண்ணீரைப் படித்தவன் என்று சிரிக்கவேண்டாம். எங்கள் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஒரு நீர்த்தளம் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக இருக்கும். நிறுத்தினால் தரை பிளந்து குளமாகிவிடும். அந்தப் பம்புகளில் சிலவற்றை, முதலில் கான்ட்ராக்டாகவும் பிறகு பெர்மனென்ட்டாகவும், ஓட்டியவர் அப்பா. அவர் இறைக்க இறைக்க நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று, சாக்பீஸ் தடவிய இரும்பு நாடாவைக் குழாய்க்குள் விட்டு அளந்தவன் நான். ஒரே தண்ணீர். அவர் அதற்குச் சம்பளம் வாங்கினார்; நான் அதே தண்ணீரின் பெயரால் பல வருடம் அவர் சம்பளத்தில் சாப்பிட்டேன். ஆய்வேட்டின் தலைப்பு மட்டும் மூன்று வரி. அதை அப்பா ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "பம்பு ஓடுனா தண்ணி எறங்கும்னு சொல்லுத, சரிதான்?" என்று கேட்டார். சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். தேர்வாளர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகப் புரிந்துகொள்ளவில்லை.

அடுத்த வருடம் அப்பாவுக்கு ஓய்வு. ஓய்வு என்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் பெட்டி கட்டவேண்டும். அங்கே என் மாமாவுக்கு ஓர் அரிசி மில் இருந்தது. அதில் கணக்கெழுதும் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் எனக்காகவே காலியாக வைத்திருந்தார். நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே வைத்திருந்தார். என் அறிவியல் ஆர்வத்தை அவர் ஒரு நீண்ட காய்ச்சலாக மட்டுமே பார்த்தார். இறங்கிவிடும் என்று நம்பினார். ஆகவே விஷயம் எளிது. ஜெர்மனிக்காரன் கூப்பிட்டால் தண்ணீர். கூப்பிடாவிட்டால் தவிடு.

நான் விண்ணப்பித்த ஆய்வு நிலையமும் பழுப்பு நிலக்கரிச் சீமையில்தான் இருந்தது. அங்கும் அடியில் தண்ணீர், அங்கும் பம்பு. விண்ணப்பத்தோடு மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்டிருந்தார்கள். எழுதுபவர்களே நேரடியாக அனுப்பவேண்டும்; மூன்றில் ஒன்று பல்கலைக்கழகத்துக்கு வெளியே, விண்ணப்பதாரர் களத்தில் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தவரிடமிருந்து வரவேண்டும்.

முதல் இரண்டும் சிக்கலில்லை. என் வழிகாட்டி, "நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்" என்றார். துறைத் தலைவரும் அதையே சொன்னார். நம் பல்கலைக்கழகங்களில் பரிந்துரை என்பது சுயசரிதையின் ஒரு கிளை. வழிகாட்டி பெயரில் என்னை மிதமாகப் புகழ்ந்துகொண்டேன், அவர் அப்படிப்பட்ட மனிதர் என்பதால். துறைத் தலைவர் பெயரில் கொஞ்சம் தாராளமாகப் புகழ்ந்துகொண்டேன். இரண்டையும் எழுதி முடித்தபோது, இப்படிப்பட்ட ஓர் இளைஞனைத் தவறவிடுவது ஜெர்மனிக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்கே கவலை வந்துவிட்டது.

மூன்றாவதுதான் மாட்டிக்கொண்டது. சுரங்கத்தில் நிலவியல் பிரிவில் ஓர் அதிகாரி இருந்தார். நல்ல மனிதர், என் வேலையைப் பார்த்தவர். ஆனால் கம்பெனி அதிகாரி ஒருவர் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுத மேலிடத்து அனுமதி வேண்டும் என்று அவருக்கு ஒரு சந்தேகம். சந்தேகத்தைக் கோப்பாக்கி மேலே அனுப்பினார். எல்லாமே கீழே கீழே போகிற சுரங்கத்தில் கோப்பு மட்டும் மேலே மேலே போயிற்று. ஒவ்வொரு முறை நான் போய் நிற்கும்போதும், "போயிருக்கு" என்று விட்டத்தைக் காட்டினார். நிலவியல்காரர்களுக்குக் காலம் என்றால் கோடி வருடம். ஜெர்மனிக்காரன் குறித்திருந்த கெடு அவருக்கு ஒரு கண்சிமிட்டலாகக்கூடத் தோன்றியிருக்காது.

கெடுவுக்குள் போய்ச்சேர ஏர் மெயிலில் கடைசியாகப் போடக்கூடிய நாளுக்கு முந்தின நாள் காலை. அம்மா இட்லி வைத்தாள். நான் தொடவில்லை.

"சிபாரிசு இல்லன்னா கெடைக்காதோ?" என்றார் அப்பா.

"மனுவையே பிரிக்கமாட்டான்."

"சிபாரிசுதானல. மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்க வேண்டாமா?"

"இது அந்த மாதிரி சிபாரிசு இல்லப்பா."

"சிபாரிசுல எத்தன மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார். எங்கள் ஊரில் கம்பெனி பஸ் ஒரு பத்திரிகை. குடியிருப்பு பிளாக்கிலிருந்து சுரங்க வாசலுக்குப் போகிற நேரத்தில் ஒரு சேதி முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்குப் போய், திருத்தப்பட்டு, தலையங்கமும் சேர்க்கப்பட்டுத் திரும்பி வந்துவிடும். அன்று சாயங்காலம் அப்பா திரும்பி வந்தபோது என் விவகாரம் தொழிற்சங்கத்தின் கைக்குப் போயிருந்தது.

"கெளம்பு. செயலாளர் ஒன்ன வரச்சொன்னாரு."

சங்க அலுவலகம் டவுன்ஷிப் எல்லையைத் தாண்டி வடக்குத்துப் பக்கம் ஒரு ஓட்டுக் கட்டடம். வாசலில் கொடிக்கம்பம், உள்ளே இரண்டு பெஞ்சு, ஒரு தட்டச்சு இயந்திரம், அதன் பின்னால் வாய்திறந்து பேசியே நான் பார்த்திராத ஒரு தட்டச்சர். செயலாளர் உள்ளூர்க்காரர். பெயரளவில் கன்வேயர் பெல்ட்டில் ஆபரேட்டர். அவர் செயலாளரான பிறகு பெல்ட் அவரைப் பார்த்ததில்லை என்று எதிர்ச்சங்கத்தார் சொல்வார்கள். அதற்கு முன்பு அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு நானே சாட்சி. நான் அளவெடுக்கப் போன தொடக்க நாட்களில், மழைத்தண்ணீர் தேங்குகிற சம்ப்பில், நாடாவும் நோட்டும் நானுமாகச் சறுக்கி விழுந்தேன். சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியவர் அவர்தான்.

"வா தம்பி. உக்காரு. பெரியவரே, நீங்களும் உக்காருங்க. இன்னா பிரச்சன? ஆபீசர் கையெழுத்து போடமாட்டேன்றானா? நாளைக்கி கேட்ல ஒரு மீட்டிங் போட்டா போடறான்."

"வேணாம்ணே. அவரு நல்லவரு. கோப்பு மேல போயிருக்கு."

"கோப்பு மேல போச்சுன்னா அதுங்கதி அவ்ளோதான். சரி, ஜெர்மன்காரன் இன்னா கேக்கறான்? சரியா சொல்லு."

சொன்னேன். பல்கலைக்கழகத்துக்கு வெளியாள். களத்தில் நான் வேலை செய்ததை நேரில் பார்த்தவர்.

செயலாளர் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நான் காலேஜ் பக்கமே போனதில்ல. அப்ப நான் வெளியாளா இல்லியா?"

"வெளியாள்தாண்ணே."

"நீ வேல செய்யறத நான் பாத்துகினு நின்னனா இல்லியா?"

"பாத்தீங்க."

"பாத்ததா? சம்ப்லேருந்து தூக்கினதே நான். ஏம்ப்பா, பேப்பர மாட்டு."

தட்டச்சர் பேப்பரை மாட்டினார். என் மறுப்புகளை நான் மனதுக்குள் வரிசையாகத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. ஜெர்மனிக்காரன் எழுதிவைத்த விதியின்படி, அந்த வட்டாரத்தில் இவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

செயலாளர் தமிழில் சொன்னார்; தட்டச்சர் அதைச் சங்கத்துக்கென்றே இருக்கிற ஒருவகை ஆங்கிலத்தில் அடித்தார். இரண்டும் சேர்ந்து உண்டான பொருளை நினைவிலிருந்து தருகிறேன். மேற்படி நபர் எங்கள் நீண்டகால உறுப்பினர் ஒருவரின் மகன். மேற்படி நபர் வெயிலிலும் மழையிலும், பாதுகாப்பு பூட்ஸ்கூட வழங்கப்படாத நிலையில், சுரங்கத்தில் தண்ணீர் அளந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை சம்ப்பில் விழுந்தும் மறுநாளே வேலைக்குத் திரும்பினார். அவருடைய நீண்டநாளைய நியாயமான கோரிக்கையான ஆய்வு நல்கையைத் தங்கள் நிர்வாகம் காலதாமதமின்றி வழங்கவேண்டும். தவறும்பட்சத்தில் அடுத்தகட்ட நடவடிக்கை குறித்துப் பொதுக்குழு கூடி முடிவெடுக்க நேரிடும் என்பதையும், அதனால் ஏற்படும் தொழில் அமைதிக் குலைவுக்குத் தங்கள் நிர்வாகமே பொறுப்பு என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

"அண்ணே," என்றேன். என் குரல் சம்ப்பின் அடியிலிருந்து வந்தது. "அந்தக் கடைசிப் பாரா வேண்டாம்ணே. மிரட்டுற மாதிரி இருக்கு."

"மிரட்டலா? அது மரியாதை தம்பி. அது இல்லாத கடுதாசிய எவன் படிப்பான்? மொதல்ல கடைசி பாராவத்தான் பாப்பான். அங்க ஒண்ணும் இல்லன்னா மடிச்சி வெச்சிடுவான்."

"நாம அங்க போய் என்ன நடவடிக்கை எடுக்க முடியும்?"

"அது அவனுக்கு எப்டி தெரியும்?"

அப்பா இதை ரசித்துத் தலையாட்டினார். அவருக்கு இது பழகிய பாஷை. போனஸ், ஷிப்ட் படி, கேன்டீன் சாம்பார் எல்லாமே அவர் வாழ்க்கையில் இந்தப் பாரா வழியாகத்தான் வந்தன.

பேச்சுவார்த்தை தொடங்கியது. என்னுடைய பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி எனக்கும் சங்கத்துக்கும் இடையிலான இருதரப்புப் பேச்சுவார்த்தை. நான் பொதுக்குழுவை எடுக்கச் சொன்னேன். அவர் பூட்ஸை எடுக்க ஒப்புக்கொண்டார். நான் பூட்ஸ் இருக்கட்டும், தொழில் அமைதியை எடுங்கள் என்றேன். டீ வந்தது. டீக்குப் பிறகு அவர் தொழில் அமைதியை விட்டுக்கொடுத்தார், ஆனால் அதற்கு ஈடாகக் கடிதத்தின் அடியில் நகல் வரிசை இருந்தே தீரும் என்றார். நகல்: தொழிலாளர் நலத்துறை, நகல்: மத்திய அமைச்சர், நகல்: சங்கத்தின் தலைமைக் குழு.

"அமைச்சருக்கு எதுக்குண்ணே?"

"அமைச்சருக்கு அனுப்பமாட்டம்ப்பா. நகல்னு போடுவோம். அவ்ளோதான்."

பொதுக்குழு மட்டும் தங்கிவிட்டது. "அத எடுத்தா என் கையெழுத்துக்கே அர்த்தமில்ல" என்று சொல்லிவிட்டார். எனக்கு முன்னால் இரண்டு வழி. கடிதமே இல்லாமல் விண்ணப்பத்தைச் சாகவிடலாம். அல்லது பொதுக்குழுவோடு அனுப்பலாம். மாமாவின் மில்லில் தவிட்டுப் புழுதி எப்படிக் கண்ணில் கரிக்கும் என்பதை நினைத்துப் பார்த்தேன். "சரிண்ணே" என்றேன். செயலாளர் கையெழுத்துப் போட்டு, சங்க முத்திரையை இரண்டு தடவை குத்தினார். இரண்டாவது எதற்கு என்று கேட்கவில்லை. மறுநாள் அவரே தபாலாபீஸுக்குப் போய், பதிவுத் தபால் ஏர் மெயிலில் போட்டு, ரசீதை அப்பாவிடம் கொடுத்தார்.

அதன்பிறகு நான் நிம்மதியாக இருந்தேன். நம்பிக்கை முற்றிலும் போய்விட்ட மனிதனுக்குக் கிடைக்கும் நிம்மதி. மாமாவுக்கு நல்லவிதமாக ஒரு கடிதம்கூட எழுதினேன். ஊர்தான் என்னை விடவில்லை. மெயின் பஜாரில் காய்கறி வாங்கினால் முகம் தெரியாத வெல்டர் ஒருவர், "நம்ம ஜெர்மனி டிமாண்ட் என்னாச்சு?" என்று கேட்டார். நம்ம. என் நல்கை பொதுச்சொத்தாகிவிட்டிருந்தது. சங்கச் செயற்குழுவின் நிகழ்ச்சி நிரலில், கேன்டீன் இட்லியின் அளவுக்கும் மூன்றாம் ஷிப்ட் பஸ் தாமதத்துக்கும் நடுவில் "ஜெர்மனி" என்று ஒரு வரி மாதாமாதம் வந்தது என்று அப்பா சொன்னார். அவர் நடையில் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பு நான் அவருக்கு ஒரு செலவு. இப்போது நான் ஒரு கோரிக்கை.

பதில் வந்தது. இரண்டாக வந்தது. எனக்கு வந்த உறையில் இரண்டு வருட நல்கை, விமானச் செலவு, வந்துசேரவேண்டிய தேதி. நான் அதை மூன்று தடவை படித்துவிட்டு, வேறு யாருக்கோ வந்ததா என்று பெயரையும் பார்த்தேன். இன்னொரு உறை சங்கத்தின் பெயருக்கு வந்தது. தடித்த தாளில், ஜெர்மன் மொழியில், கீழே இரண்டு கையெழுத்து. நான் பின்னால் தெரிந்துகொண்ட வரையில், அந்த நாட்டில் இப்படிப்பட்ட நிலையங்களில் ஊழியர் குழு என்று ஒன்று உண்டு. தொழிற்சங்கக் கடிதம் என்றதும் அங்கிருந்த அலுவலகப் பெண்மணி அதை விண்ணப்பக் கட்டில் சேர்க்காமல் ஊழியர் குழுவுக்கு அனுப்பிவிட்டார். ஊழியர் குழு அதை முறையாகப் பதிவு செய்து, முறையாக விவாதித்து, மேற்படி நபரின் கோரிக்கை எந்த நிலையில் உள்ளது என்று நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேட்டது. மூன்றாம் பரிந்துரை கெடுவுக்குள் வந்ததா, வந்தால் அது பரிந்துரையா என்ற கேள்வியை யாரும் எழுப்பத் துணியவில்லை. என் ஆய்வேட்டுக்காகக் கொடுத்தார்களா, ஊழியர் குழுவுக்காகக் கொடுத்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் பெரிதாக முயன்றதுமில்லை.

சங்கத்துக்கு வந்த பதிலைச் சுரங்க வாசல் அறிவிப்புப் பலகையில் கண்ணாடிக்குள் ஒட்டினார்கள். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. அதனாலேயே அதன் மதிப்பு கூடிக்கொண்டு போனது. ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட் மீட்டிங். என்னை ஒரு ஸ்டூலில் ஏற்றி மாலை போட்டார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"மேலிடத்துல கோப்பு தூங்கிகினு இருந்துதுங்க. நாம தூங்கல. ஒரே கடுதாசி. ஜெர்மன் நிர்வாகம் நம்ம கோரிக்கைய முழுசா ஏத்துகினு பதில் போட்டிருக்கு. போராடாம எதுவும் கெடைக்காது தோழர்களே."

கைதட்டல். மறுநாள் எதிர்ச்சங்கம் அதே வாசலில் மீட்டிங் போட்டது. ஜெர்மனி விவகாரத்தை முதலில் கையில் எடுத்தது தாங்கள்தான், அடுத்தவர்கள் பழுத்த பிறகு பறித்துக்கொண்டார்கள் என்றார் அவர்களுடைய பேச்சாளர். மேலும், கிடைத்தது வெறும் இரண்டு வருட கான்ட்ராக்ட், இதை வெற்றி என்பது தொழிலாளிக்குச் செய்த துரோகம், நிரந்தரப் பணி கேட்காமல் கையெழுத்துப் போட்டது யார் என்றும் கேட்டார். கூட்டம் முடிந்து கலைந்தவர்கள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் எனக்கும் பட்டது.

மாலை போட்ட அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "எல்லாம் சாமந்தி. சம்பங்கி ஒண்ணு கூட வைக்கல. ஜெர்மனி வரைக்கும் கடுதாசி போடுதவங்களுக்கு இது தெரியாதாக்கும்." அதைப் பின்பக்கம் கழுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டினாள். மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"அந்த எதிர்ச்சங்கத்துக்காரன் கேட்டது சரிதாம்ல. பெர்மனென்ட் கேட்டிருக்கணும்."

நான் போனேன். ஜெர்மனியைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. நான் பார்த்தது ஒரு சுரங்கம், ஒரு ஆய்வகம், நிறைய உருளைக்கிழங்கு. என் அறையில் இன்னொரு நல்கையாளர் இருந்தார். இத்தாலிக்காரர், என்னைவிடப் பல வயது மூத்தவர். இது அவருக்கு நான்காவது நல்கை. முதலாவது எரிமலையில், இரண்டாவது பனியாற்றில், மூன்றாவது எங்கிருந்தோ விழுந்த ஒரு விண்கல்லில். பூமியிலும் பூமிக்கு வெளியிலும் அவருக்கு நிரந்தரமான இடம் ஒன்றும் அகப்படவில்லை. வாடகை வீட்டில் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தார். அவரைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு வடக்குத்துச் சாலையில் விடியற்காலையில் வரிசையாகப் போகும் சைக்கிள்கள் ஞாபகத்துக்கு வந்தன.

முதல் வருடம் முடிகிற சமயம் பேராசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உயரமானவர், பேச்சுக் குறைவானவர். மேஜைமேல் எனக்கு நன்றாகத் தெரிந்த தட்டச்சு எழுத்தில் ஒரு கடிதம். இரண்டு முத்திரை. 

"உங்கள் சங்கம் மறுபடி எழுதியிருக்கிறது," என்றார் ஆங்கிலத்தில். "சில இடங்கள் எனக்கு விளங்கவில்லை."

வாங்கிப் படித்தேன். எதிர்ச்சங்கத்தின் குற்றச்சாட்டு வேலை செய்திருந்தது. செயலாளர் எண் போட்டு எழுதியிருந்தார். ஒன்று, மேற்படி நபரை உடனடியாக நிரந்தரமாக்கவேண்டும். இரண்டு, குவார்ட்டர்ஸ். மூன்று, ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊர் சென்றுவரப் பயணச் செலவு. நான்கு, தூசியில் வேலை செய்வதால் மாதந்தோறும் சோப்பு, துண்டு, வெல்லம். எங்கள் சுரங்கத்தில் தூசிப்பகுதி ஆட்களுக்குத் தொண்டைக்கு வெல்லம் தருவார்கள். கடைசிப் பாராவில் பொதுக்குழு தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. இம்முறை தொழில் அமைதியும் பக்கத்தில் இருந்தது. பேசித் தடுக்க நான் அங்கே இல்லை.

"இந்த நான்காவதில், கடைசியாக ஏதோ இருக்கிறதே," என்றார் பேராசிரியர்.

"ஒருவகைச் சர்க்கரை. தூசிக்கு."

"வேலை செய்கிறதா?"

"தொழிலாளர்கள் நம்புகிறார்கள்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல் கோரிக்கையை விரலால் தொட்டார். "எனக்கு இது கிடைத்தபோது தலை நரைத்துவிட்டது," என்றார். அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையை அசைத்து நிறுத்திவிட்டார்.

அறைக்குத் திரும்பி இத்தாலிக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன், சிரிப்பார் என்று எதிர்பார்த்து. அவர் சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி, விண்கல்லைப் பார்த்த அதே கவனத்தோடு கடைசிப் பாரா வரை பார்த்தார்.

"எனக்கும் ஒன்று எழுதுவார்களா?"

"நீங்கள் உறுப்பினர் இல்லையே."

"சந்தா எவ்வளவு?"

அவர் விளையாடவில்லை. நான் அப்பாவுக்கு எழுதினேன், அப்பா செயலாளரிடம் சொன்னார், செயலாளர் செயற்குழுவில் வைத்தார். மேற்படி இத்தாலிய நபர் மூன்று முறை ஆட்குறைப்புக்கு ஆளானவர் என்ற அடிப்படையில் அவர் விவகாரமும் ஏற்றுக்கொள்ளப்பட்டு, பதிவுத் தபாலில் மூன்றாவது கடிதம் வந்தது. ஊழியர் குழு அதையும் முறையாகப் பதிவு செய்தது.

அடுத்த திங்கட்கிழமை ஆய்வகத்துக்குப் போனேன். என் மேஜைமேல் ஒரு சோப்பும் ஒரு வெள்ளைத் துண்டும் இருந்தன. இத்தாலிக்காரர் மேஜைமேலும் அப்படியே. கூடவே நிலையத்தின் தாளில் இரண்டு வரி, பேராசிரியர் கையெழுத்தோடு. கோரிக்கை எண் நான்கு, சர்க்கரை நீங்கலாக, ஏற்கப்படுகிறது. ஏனையவை பரிசீலனையில் உள்ளன.

ஏனையவை பரிசீலனையிலேயே இருந்தன. இரண்டு வருடம் முடிந்ததும் நல்கை முடிந்தது. நான் பெட்டியைக் கட்டினேன், இத்தாலிக்காரர் ஏற்கெனவே கட்டியிருந்ததைத் தூக்கிக்கொண்டார். ஆனால் பேராசிரியரின் அந்தத் தாளை நான் சோப்பு வந்த அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். ஓய்வு பெற்று, சாவியைக் கொடுக்கக் கடைசி மாதத்தில் இருந்த அப்பா, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதல் ஷிப்ட் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். ஓய்வு பெற்றவருக்கு அந்தப் பஸ்ஸில் இடம் கிடையாது. டிரைவர் கண்டும் காணாததுபோல் வண்டியை எடுத்தாராம். முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரை தாளைச் சுற்றுக்கு விட்டுவிட்டு, சுரங்க வாசல் வருவதற்குள் அவர் சொன்னதை அம்மா எனக்கு எழுதினாள்.

"சோப்பு வாங்கியாச்சு. எல்லாம் சோப்புலதான் ஆரம்பிக்கும். எனக்கும் அப்பிடித்தான் ஆரம்பிச்சுது."